வளையம் தூசி

மிஷின்காரருக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. முப்பது வருடமாகத் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். வேலை முடிந்த கையோடு மிஷினைத் துடைத்து வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தப் பழக்கம்தான் இப்போது காலை வாரிவிட்டது.

ராத்திரியில் வானத்தைப் படம் எடுப்பது அவர் பொழுதுபோக்கு. தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, நான்கு இரவுகளில் ஒரே விண்மீன் மண்டலத்தை நூற்றிருபது படங்கள் எடுத்திருந்தார். கேமராக் கண்ணாடியில் தூசி இருந்தால் படத்தில் கறுப்பு வளையமாக விழும். அதே தூசியோடு ஒரு வெள்ளைத் துணியையும் படம் எடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு வளையத்தை நீக்கிவிடும். இவரோ துணியைப் படம் எடுக்கும் முன்பே கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

எல்லாப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்தாயிற்று. மண்டலத்தின் நடுவிலேயே வளையம். ஐந்து மணிக்குள் வானியல் மன்றக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும், மணி நாலரை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

"குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாதீங்க," என்றாள் மனைவி. "பக்கத்துக் கலரை எடுத்து அது மேல பூசிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. கண்ணால பாக்காததை வரைஞ்சு வச்சா அது போட்டோவா?"

"அப்ப அனுப்பாதீங்க."

"நாலு ராத்திரி முழிச்சிருக்கேன்டி."

வளையத்தோடேயே அனுப்பினார். கீழே ஒரு வரி எழுதினார்: 'வளையம் தூசி. முந்திக்கொண்டு துடைத்தவன் நான்.'

அனுப்பிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மனைவி துணியைப் பிடுங்கினாள். "இனிமே இது என்கிட்டதான் இருக்கும்."