பேசி முடித்ததும் அமுக்க வேண்டிய பொத்தான்

அந்த நாட்களில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது "பஸ் விட்டுட்டுப் போயிடுச்சு" என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. "பஸ் ஒழுங்கா நேரத்துக்குத்தான் போச்சு. நீதான் நேரத்துக்கு வரலை" என்பேன். வீட்டில் பால் பொங்கி வழிந்தால், "பால் மேல பழி போடாதே, பக்கத்துல நிக்காதது யாரு?" என்பேன். என் மனைவி அடுப்பு துடைக்கும் துணியை என் பக்கம் நீட்டுவாள், அவ்வளவுதான்.

காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். வீடு தருமபுரத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது. பிரான்சில் பட்டாளத்தில் இருந்த என் மைத்துனர் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. கூடவே இருந்த விளக்கப் புத்தகம் முழுவதும் பிரெஞ்சு. எனக்கு அதில் ஒரு வரி புரியாது. மேசையின் ஒரு கால் கொஞ்சம் குட்டை என்பதால் புத்தகத்தை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தெருவுக்கே டேப் ரெக்கார்டர் நிபுணன் ஆகிவிட்டேன்.

அப்போது வளைகுடாவுக்குப் போனவர்களுக்குக் கடிதத்தைவிடக் கேசட்டில்தான் அதிகம் பேசுவார்கள். இங்கே வீட்டுக்காரி பேசிப் பதிவு செய்து, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். அங்கே அவர் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தன் பதிலைப் பேசி, லீவில் வருகிறவரிடம் கொடுப்பார். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் அப்படித்தான் மஸ்கட்டில் இருந்தார். திருமணமான ஆறாம் மாதம் போனவர். மாமியாரும் அவளும் மட்டும் வீட்டில். மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தெரு அடங்கிய மத்தியானத்தில், தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி கேசட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவாள்.

முதல் தடவை வந்தபோதே பாடம் நடத்திவிட்டேன். மஸ்கட்டிலிருந்து வந்த கேசட்டை அவள் ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்திருந்தாள். அது வளைந்துபோய், எங்கள் மிஷினுக்குள் நாடா சுருண்டு சிக்கிக்கொண்டது. "மிஷின் கடிச்சிடுச்சு சார்" என்று அழாத குறையாகச் சொன்னாள். பென்சிலை விட்டுச் சுற்றி நாடாவை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டே சொன்னேன்: "மிஷினுக்குப் புத்தி கிடையாதும்மா. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. நம்ம கை செய்யிறதைத்தான் அது செய்யும். தப்பு எப்பவும் கையிலதான்." அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நன்றாகக் கேட்டுக்கொண்டாள் என்பது பிறகு தெரிந்தது.

பதிவு செய்வதற்கென்று எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. நான் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, மனைவியோடு சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான். அவள் கூச்சப்படாமல் பேச வேண்டும் என்பதற்காக என் மனைவி தேங்காய் துருவ உட்காருவாள். துருவலுக்குத் தேவை இருக்கிறதா இல்லையா என்பது பிரச்சினையில்லை. சத்தம் போட்டால் நாங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம். மாதத்தில் அந்த ஒரு நாள் எங்கள் வீட்டுக் குழம்பு எல்லாவற்றிலும் தேங்காய் தூக்கலாக இருக்கும். பேசி முடித்ததும் "முடிஞ்சிருச்சு சார்" என்று குரல் கொடுப்பாள். நான் போய் நிறுத்துவேன்.

திரைச்சீலை என்ன, தேங்காய்த் துருவல் என்ன, எல்லாமே எங்களுக்குக் கேட்கும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, மாமிக்கு முட்டிவலி, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் கேட்கும். அவள் பேசுவதில் ஒரு விநோதம் இருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நிறுத்துவாள். ஐந்தாறு நொடிக்குச் சத்தமே இருக்காது. பிறகு, பதில் கிடைத்துவிட்டதுபோல "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவாள். "உடம்பு நல்லாருக்கா?" மறுபடியும் மௌனம். "ம்." டெலிபோன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் மனைவியின் காதில் கிசுகிசுப்பேன். மனைவி தேங்காயை இன்னும் வேகமாகத் துருவுவாள்.

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாக்களில் குரல் மாற்றிப் பேசிக் கைதட்டு வாங்குகிறவன் நான். தலைமையாசிரியரிலிருந்து வாழைப்பழக்காரி வரை எல்லாக் குரலும் வரும். அது ஒரு பெரிய திறமை என்று அப்போது நம்பியிருந்தேன்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். "முடிஞ்சிருச்சு சார், மாமிக்கு மருந்து குடுக்கணும், அப்புறமா வந்து கேசட்டை எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள். நான் கூடத்துக்கு வந்தேன். கையில் காபி டம்ளர். டம்ளரை வைத்துவிட்டு மிஷினை நிறுத்துவோம் என்று நினைத்தேன். டம்ளரை வைக்கவில்லை. ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, சமையல்கட்டிலிருந்து வந்த மனைவியைப் பார்த்ததும் குஷி வந்துவிட்டது. முக்காடு இழுத்துவிடுவதுபோல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் குரலில் ஆரம்பித்தேன். "சாப்பிட்டீங்களா?" நிறுத்தினேன். ஐந்தாறு நொடி. "ம்." பிறகு உப்புத் தண்ணீர், பிறகு மாமியின் முட்டி, பிறகு மூக்கை உறிஞ்சியபடி, "எப்ப வருவீங்க? வந்துடுவீங்கதானே? வந்துடுவீங்கதானே?" மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "போதும், பாவம் அது" என்றாள். நான் உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் பேசினேன்.

அப்போது "டக்" என்று சத்தம் கேட்டது. நாடாவின் ஒரு பக்கம் தீர்ந்துபோய் மிஷின் தானாக நின்றது.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

உடனே சுற்றிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டு அழித்திருக்க வேண்டும். இரண்டு பொத்தான், பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் அவள் திரும்பி வந்து வாசலில் நின்றாள். லீவு முடிந்து போகிற கீழவாஞ்சூர்க்காரர் சாயங்கால பஸ்ஸுக்கே மெட்ராஸ் கிளம்புகிறாராம், இப்போதே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். "ஒரு நிமிஷம் இரும்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் அவள் முன்னால் போட்டுப் பார்க்க வேண்டும். கேசட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். "பத்திரமாப் போய்ச் சேரும்" என்று வேறு சொன்னேன். அந்த நிமிஷத்தில் அதுதான் என் பயமாக இருந்தது.

பிறகுதான் என் அறிவியல் மூளை வேலை செய்தது. அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது. அவள் எவ்வளவு நேரம் பேசினாள்? தேங்காய் ஒரு மூடி துருவுகிற நேரம் என்றாள் மனைவி. பெரிய மூடியா சின்ன மூடியா என்று கேட்டேன். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் நடிப்பை மறுபடியும் மெதுவான குரலில் பேசிப் பார்த்து, அளந்தேன். என்ன அளந்தாலும் மொத்தமும் கேசட்டுக்குள் அழகாக அடங்கியது.

"வோல்டேஜ் கம்மியா இருந்தா சரியாப் பதிவாகாது" என்றேன். அன்று கரண்ட் நன்றாகத்தான் இருந்தது. "கடல் காத்துக்கு மிஷினோட ஹெட்டுல துரு ஏறியிருக்கும்" என்றேன். அதே வாரம் நான் ஆல்கஹால் போட்டுத் துடைத்திருந்தேன். கடைசியில், "அந்த ஸ்டாப் பட்டனே சரியில்லை, அமுக்கினாலும் அமுங்கறதில்லை" என்றேன். மனைவி எழுந்துபோய், ஒரே விரலால் அதை அமுக்கிக் காட்டிவிட்டு வந்தாள்.

மாதம் இரண்டாயிற்று. எதிர்வீட்டுப் பெண் கேசட்டோடு வரவில்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பாள். பழைய சிரிப்பேதானா, இல்லை கொஞ்சம் குறைந்த சிரிப்பா என்று நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். என்னை நம்பி ஒரு பெண் தன் குடும்பத்தை எல்லாம் கொட்டிவிட்டுப் போனாள். நாங்கள் கேட்கவில்லை என்று அவள் நம்பவில்லை என்றால்கூட, கேட்காததுபோல் இருப்போம் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் குரல் மாற்றிப் பேசி மஸ்கட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். கையில் கேசட் இல்லை. இடுப்பில் ஒரு அட்டைப்பெட்டி. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர் கொண்டுவந்து கொடுத்தாராம். உள்ளே புத்தம்புதிய டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. எங்களுடையதைவிடப் பெரியது. தெருவே பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டிருந்தது. ஏன் வந்தது என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படிப் போடுறதுன்னு காட்டிக் குடுங்க சார்" என்றாள்.

காட்டினேன். எது ரேடியோ, எது டேப், பதிவுக்கு எந்த இரண்டைச் சேர்த்து அமுக்க வேண்டும். வகுப்பில் சொல்வதுபோலக் கணீரென்று சொன்னேன். குரலை வைத்துத்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

"பேசி முடிச்சதும் எதை அமுக்கணும் சார்?"

"இதைம்மா."

"அமுக்காம விட்டா?"

"ஓடிக்கிட்டே இருக்கும்."

"பக்கத்துல யாராச்சும் பேசினா?"

சமையல்கட்டில் மனைவியின் பாத்திரச் சத்தம் நின்றது. "அதுவும் பதிவாகும்மா" என்றேன். உடனே, யாரும் கேட்காமலேயே, "எங்க மிஷின்ல ஸ்டாப் பட்டன் கொஞ்ச நாளாக் கோளாறு. அதுபாட்டுக்கு ஓடிடுது" என்றும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. பெட்டியின் பிளாஸ்டிக் உறையை மடித்துக்கொண்டே, "மிஷினுக்குப் புத்தி கிடையாது, தப்பு கையிலதான்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள். கிண்டல் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்தான். உறையைப் பெட்டிக்குள் செருகிவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் கேட்டுட்டு நிறுத்துவேன்ல சார், அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது. போறப்பவே அவங்க சொல்லிட்டுப் போனது. நீ கேட்டுட்டுக் கொஞ்சம் நிறுத்து, நான் அங்கேருந்து பதில் சொல்லிக்கறேன்னு. சாப்பிட்டீங்களான்னு நான் கேட்டா, அங்க உக்காந்து சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க. அப்படியே ரெண்டு பேரும் பேசிக்கிறது." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பெட்டியோட வந்த கடுதாசியில எழுதியிருந்தாங்க. இந்தத் தடவை நான் பேசி முடிஞ்சப்புறமும் சாப்பிட்டீங்களான்னு ஒரு குரல் வந்துச்சாம். இன்னும் இருக்குன்னு நினைச்சு, சாப்பிட்டேன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறந்தான் நீங்கன்னு தெரிஞ்சுதாம்."

மஸ்கட்டில் ஏதோ ஒரு அறையில் அந்த மனிதர் என்னிடம் "சாப்பிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் அதற்கு "ம்" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

"நான்தாம்மா நிறுத்தலை" என்றேன். "பட்டன் நல்லாத்தான் இருக்கு. தெரிஞ்சும் கேசட்டைக் குடுத்தேன்."

"அதை எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போவுது?" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு வந்த புதுக் கேசட்டைப் பிரித்து உள்ளே போட்டாள். நான் காட்டிக்கொடுத்த இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினாள். மிஷினை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அவங்ககிட்டச் சொல்லிடுங்க. நான் அக்காகிட்ட இருக்கேன்."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. துருவினது என் மனைவியா அவளா என்று இன்றைக்கும் தெரியாது.

நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் போல வீணாக்கியிருப்பேன். பிறகு என் சொந்தக் குரலில், அது எனக்கே பழக்கமில்லாததுபோல் இருந்தது, எதிர்வீட்டு வாத்தியார் பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். மிஷின் மேல் தப்பில்லை, நான்தான் என்றேன். இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் சொன்னேன். "மன்னிப்பீங்களா?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு நிறுத்தினேன். ஐந்தாறு நொடி. "ம்" சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முடிஞ்சிருச்சும்மா" என்று குரல் கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து பார்த்து, சரியான பொத்தானை அமுக்கினாள்.