பங்கருக்குள் பதிந்த ட்ரம்

போன கிழமை ஒரு தம்பி தான் பாடிய பாட்டொன்றை எனக்கு அனுப்பியிருந்தான், ஒலிக்கலவை செய்து தரச்சொல்லி. குரல் ஒரு கோப்பு, கிற்றார் ஒரு கோப்பு, ட்ரம் மட்டும் எட்டுக் கோப்பு. அனுப்பிய கையோடு தொலைபேசியிலும் வந்தான்.

"அக்கா, ட்ரம் மெத்தச் சுத்தமாக் கிடக்கு. கிளாஸில கரண்டியால தட்டினமாதிரி. எனக்குப் பழைய சத்தம் வேணும்."

"பழசெண்டா எவ்வளவு பழசு?"

"நீங்கள் சின்னனா இருக்கேக்க கேட்ட பாட்டுகள் மாதிரி."

மரியாதையாகத்தான் சொன்னான். நான் ஒருமுறை கண்ணாடியில் தலைமயிரைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

இந்தப் பழைய சத்தத்தை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கென்றே கணினிக்குள் ஓடும் கருவிகளை விற்கிறார்கள். திரையில் அந்தக்கால ஒலிப்பதிவு இயந்திரத்தின் படம் வரும். அதில் துருப்பிடித்த ஆணிகள்கூட வரைந்திருப்பார்கள். ஒரு குமிழைத் திருகினால் நாடாவின் இரைச்சல், இன்னொன்றைத் திருகினால் நாடா சற்றே தள்ளாடுகிற மாதிரி ஒரு நடுக்கம். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் நான் அவற்றைத் தொடுவது கடைசியில்தான். முதலில் எட்டுக் கோப்பில் ஏழின் சத்தத்தை நிறுத்திவிடுவேன். மிஞ்சிய ஒன்றில் அறையின் எதிரொலியை உறிஞ்சி எடுப்பேன். ட்ரம்மோடு சேர்ந்த பித்தளைத் தட்டுகளின் கிணுகிணுப்பு இருக்கிற மேல்பகுதியை வெட்டுவேன். பிறகு ட்ரம்மை அப்படியே ஒரு பிடி மெதுவாக்குவேன். மெதுவாக ஓடும்போது சத்தம் கீழே இறங்கும், ஒரு பாரம் வரும். அந்தப் பாரத்தை விடாமல் தாளத்தை மட்டும் பாட்டோடு பொருத்தினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

அன்றும் அப்படிச் செய்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். ஈரமண் மணத்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே மணத்தது. கொஞ்சம் வேர் மணம், கொஞ்சம் தவளை மணம். எங்கள் பங்கரின் மணம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, வன்னியில் சண்டைக்காலம். ஸ்கந்தபுரத்தில் எங்கள் வளவுக்குள், ஷெல் விழும்போது பதுங்க அப்பா வெட்டிய பங்கர் அது. அப்பா எங்கள் வீட்டை அவசரமாகக் கட்டினார், பங்கரை ஆறுதலாகக் கட்டினார். ஒரு முறை வளைந்து உள்ளே போகிற படிகள், மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை, அதற்குமேல் அம்மா படரவிட்ட பூசணி. வருகிறவர்களுக்கு அப்பா வீட்டைக் காட்டமாட்டார். "பங்கரைப் பாத்தனீங்களே?" என்றுதான் கேட்பார். உள்ளே போய்க் கத்தினால் சத்தம் எங்கும் போகாது. மண் அதைக் குடித்துவிடும்.

ஜெசிந்தா எங்கள் வகுப்புக்கு நடுவில் வந்து சேர்ந்தவள். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, தகப்பன் கடற்றொழிலாளி. இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் சட்டி பானையைத் தூக்க, அவள் பள்ளிக்கூட பாண்ட் குழுவின் ட்ரம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர் என்னை நம்பித் தந்தவா. அவா கேக்குமட்டும் நான்தான் பொறுப்பு" என்பாள்.

"ஓம், அரிசி மூட்டையை விட்டிட்டு உதைத்தான் தூக்கினவா, மகாராணி" என்பார் அவளுடைய தாய்.

வந்த வழியில் ட்ரம்மின் அடியில் இருந்த கம்பிச்சுருள் அறுந்துபோயிருந்தது. அது இல்லாவிட்டால் அடிக்கு ஒரு சரசரப்பு இராது, மொட்டையாகக் கேட்கும். ஜெசிந்தா தன் செபமாலையைக் கழற்றி ட்ரம்மின் தோல்மேல் போட்டு அடித்துப் பார்த்தாள். சரசரத்தது.

"மாதா கோவிக்கமாட்டாவோடி?"

"தாளம் அவாக்கும் விருப்பம். நீ பேசாமல் இரு."

எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கோடர் இருந்தது. கரண்ட் இல்லை. பற்றரியை ஆமி வன்னிக்குள் வரவிடாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தை வயரில் எடுத்துத்தான் பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாடுகிறவருக்கும் தொண்டை அடைக்கும். அந்த டேப்புக்குள் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற பகுதி எப்போதோ பழுதாகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டுப் பாட்டுகளுக்கு நிரந்தரமான வேகம் என்று ஒன்று இருந்ததில்லை.

முதலில் நாங்கள் ட்ரம்மை மாமரத்தின் கீழ் வைத்துத்தான் பதியப் பார்த்தோம். ஜெசிந்தா நாலு அடி அடித்திருப்பாள். பக்கத்து வளவு மாமி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தன் பங்கருக்குள் ஓடிவிட்டார். சிறிது நேரத்தில் தலை மட்டும் வெளியே வந்தது.

"ஷெல் எண்டு நினைச்சு என்ர உயிர் போட்டுதடி! உந்தக் கோதாரியை உள்ளுக்க கொண்டுபோய் அடியுங்கோடி!"

அப்படித்தான் ட்ரம் பங்கருக்குள் போனது. ஜெசிந்தா உள்ளே. டேப் அவளுக்குப் பக்கத்தில் படியில். சைக்கிளும் நானும் வெளியே, பங்கர் வாசலில். மாமி திட்டியிராவிட்டால் அந்தச் சத்தம் பிறந்திராது. அவருக்கு இன்றுவரை இது தெரியாது.

அவள் உள்ளே அடிக்க அடிக்க எனக்கு வெளியே கை உசாராகிவிடும். வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுவேன். பதிந்ததைக் கேட்கிறபோதும் நான்தான் சுற்றுவது, அதே உசார், அதே வேகம். ஆகவே எங்கள் காதுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன் என்பதை நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்லுவேன், இப்போதும் அப்படித்தான். ரீச்சராக வரப்போகிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தபோது, வவுனியாவில் பாட்டுப் பதிகிற ஸ்டூடியோ ஒன்று இருப்பதாக ஜெசிந்தா கேள்விப்பட்டு வந்தாள். கரண்ட் இருக்கிற ஊர். அவள் அடிப்பாள், நான் பதிவேன், இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை. பங்கருக்குள் பதிந்த கசெற்தான் எங்களுடைய தகுதி. அம்மாவிடம் சொன்னேன்.

"பாட்டுப் பதியிறதுக்கும் படிக்கோணுமே பிள்ளை?"

"ஓமம்மா. பௌதிகவியல் வேணும்."

அடுத்த நாள் கிணற்றடியில் அம்மா வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், சாதாரண ஆட்களால் அதைச் செய்ய ஏலாதென்று.

ஜெசிந்தாவின் தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் முற்றி, வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வன்னியைவிட்டு வெளியே போகிற அனுமதிப் பாஸ் கிடைத்தது. துணைக்கு அவள். எங்களிடம் இருந்தது ஒரேயொரு கசெற். இன்னொன்றில் பிரதி எடுக்க இரண்டாவது டேப் இல்லை. நானே அதைத் துணியில் சுற்றி அவள் பைக்குள் வைத்தேன்.

"ரெண்டு பேற்ற பேரையும் சொல்லுவன்டி. உனக்கும் இடம் பிடிச்சு வைப்பன். பஸ்ஸில கைலேஞ்சி போட்டுச் சீற் பிடிக்கிற மாதிரி."

"லேஞ்சியை ஆரும் எடுத்தெறிஞ்சா?"

"அவன்ர கையைக் கடிப்பன்."

சில மாதங்களில், வந்துபோகிறவர்கள் மூலம் சேதி வந்தது. கசெற் ஸ்டூடியோக்காரருக்குப் பிடித்துவிட்டது, ஜெசிந்தாவை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். "அப்ப உனக்கும் சரிதான்" என்று அம்மா அன்றைக்குப் பாற்பொங்கல் பொங்கினார். எனக்குப் பாஸ் கிடைக்க அதற்குப் பிறகும் நெடுநாள் எடுத்தது. இரண்டாயிரத்தோராம் ஆண்டில்தான் போனேன். நெளுக்குளத்தில் சின்னம்மா வீட்டில் தங்கி, சின்னம்மாவின் மகளிடம் நல்ல சட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

சுவரெல்லாம் முட்டை வைக்கிற மட்டைகளை ஒட்டிய சின்ன அறை. ஜெசிந்தா சுழல் கதிரையில் இருந்தாள், கழுத்தில் ஹெட்போன். என்னைக் கண்டதும் பாய்ந்துவந்து கட்டிப்பிடித்தாள். அந்தப் பிடியில் பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஆர் பிள்ளை?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"எங்கட ஊர்ப் பிள்ளை சேர். என்னோட படிச்சவள்."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தையும் சொல்லுவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷன், தேத்தண்ணி சொன்னார். ஊர்ப் பிள்ளை பெருமைப்படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் கசெற்றை எடுத்துப் போட்டார்.

சுவரிலிருந்து வருகிற கரண்டில் அதை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. இரண்டாவது அடியிலேயே திடுக்கிட்டேன். அது எங்கள் ட்ரம் இல்லை. அதைவிடப் பெரியது, ஆழமானது, யாரோ மண்ணுக்குக் கீழிருந்து ஆறுதலாகக் கதவு தட்டுகிற மாதிரி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அளவுக்கு மிஞ்சிச் சுற்றியிருக்கிறேன். நாடா வேகமாக ஓடி எழுதியிருக்கிறது. சரியான கரண்டில் அது மெதுவாக ஓட, சத்தம் கீழே இறங்கியிருக்கிறது. செபமாலையின் சரசரப்பும் மழைபோல நீண்டிருந்தது. என் கைப்பிழைதான் அந்தப் பாரம்.

"கேட்டீரே தங்கச்சி?" என்றார் அவர். "உம்மட சிநேகிதி தனிய அடிச்சு, தனியப் பதிஞ்சது. ஒரு கையால சைக்கிளைச் சுத்திக்கொண்டு மற்றக் கையால அடிச்சவாவாம். என்ன பிள்ளை பாரும்!"

"ஒரு கையாலயோ?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அத்தோடு விடவில்லை. புதிதாக வாங்கிய கணினியைக் காட்டினார். அந்த ட்ரம்மை மாதிரியே புதிய பாட்டுக்கும் ஒன்று செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பகுதியை வெட்டியிருந்தார், கீழ்ப்பகுதியைக் கூட்டியிருந்தார், நாடா இரைச்சலையும் தனியே எடுத்துச் சேர்த்திருந்தார். எதுவும் ஒட்டவில்லை.

"எல்லாம் செய்தாச்சு. அந்தப் பாரம் மட்டும் வருகுதில்லை. என்ன பிள்ளை ஜெசிந்தா, அது எப்பிடி வந்தது?"

"தெரியேல்ல சேர். பங்கரின்ர குணமாக்கும்."

ஒரு நிமிடத்தில் செய்து காட்டியிருப்பேன். ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்குங்கோ சேர், அவ்வளவுதான். வாய் வரை வந்தது. ஜெசிந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சினாளா, சொல்லித் தா என்று கெஞ்சினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய கதிரையில் அவள் இருந்துகொண்டே அதையும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள விட எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

கேற்றடிவரை ஓடிவந்தாள்.

"கோவிக்காதையடி. ரெண்டு பேர் எண்டு சொன்னா ஒருத்தரையும் எடுக்கமாட்டினம் எண்டு பயந்திட்டன். இந்த வேலை இல்லாட்டி நாங்கள் அகதிக் காம்புக்குத்தான் போகோணும். அப்பாவை உனக்குத் தெரியும்தானே."

நான் கேற்றின் கொளுக்கியைக் கழற்றினேன்.

"நீ படிச்சனீ. உனக்கு என்னவும் கிடைக்கும்."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் படிப்பை அவள் எனக்கே நட்டஈடாகத் தந்துகொண்டிருந்தாள்.

"ஒரு கையால எப்பிடியடி சுத்தினனீ?" என்று கேட்டேன்.

நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பாஸ் முடிய ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பினேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பின், வேறு ஊரில், வேறு ஆட்களிடம். அது நீளமான கதை. அன்றைக்கு அம்மா வேலிப் படலையடியிலேயே நின்றார்.

"என்னவாம் பிள்ளை?"

"இடம் இல்லையாம் அம்மா."

அவமானத்தை அவிழ்த்துக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அம்மா என் பையை வாங்கிக்கொண்டார். பிறகு ஜெசிந்தாவை நினைத்துத்தான் கவலைப்பட்டார்.

"அந்தப் பிள்ளை உனக்காண்டி எவ்வளவு கெஞ்சியிருக்கும். பாவம், அவளுக்கும் மனம் நொந்திருக்கும்."

அடுத்த முறை வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் எள்ளுருண்டை செய்து கொடுத்துவிட்டார். அதற்கடுத்த முறை ஊறுகாய். போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவுமில்லை, அனுப்பவேண்டாம் என்று சொல்லவுமில்லை.

இப்போது அந்த இடத்தில் பங்கர் இல்லை. அப்பா மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வாழை வைத்தார், அந்த வாழையும் போய்விட்டது. ஸ்டூடியோ இருந்த அறையில் தொலைபேசிக் கவர் விற்கிறார்கள். கசெற் எங்கே என்று தெரியாது. ஜெசிந்தா எந்த நாட்டில் இருக்கிறாள் என்றும் தெரியாது, தேடவில்லை. இவையெல்லாம் போனதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் எனக்காக இடம் பிடித்து வைத்து, எனக்காகக் கெஞ்சிய ஒரு ஜெசிந்தாவும் இருந்தாள். அவள் வவுனியாவில் என்றைக்கும் இருந்ததில்லை, எங்கள் அம்மாவின் கதையில் மட்டும் இருந்தாள். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டு, "உன்ர சிநேகிதிக்குப் பிள்ளைகுட்டி இருக்குமோ இப்ப?" என்று அம்மா கேட்பார். "இருக்கும் அம்மா" என்பேன். நாலைந்து வருடங்களுக்கு முன் அம்மாவும் செத்துப்போனார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.