எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான்

எங்கள் வீட்டில் ‘வலி’ என்ற சொல்லுக்குத் தடை வந்தது ஐப்பசி அடைமழையில். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடித்து வந்த மனைவி, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துக்கொண்டே அறிவித்தாள்.

“இனிமே இந்த வீட்ல வலி, வியாதின்னு யாரும் வாயால சொல்லக் கூடாதுங்க. நம்ம மனசுல இருக்கறது அவனுக்குத் தெரியாது. வாயால சொன்னா கேட்டுருவான். அதையே பிடிச்சுக்கிட்டு உள்ள வந்துருவான்.”

அவன் என்றால் சாத்தான். எங்கள் சபையில் அவனைப் பெயர் சொல்லி அழைத்து மரியாதை செய்வதில்லை. பாஸ்டர் அந்த மாதம் முழுக்க ஆவிக்குரிய யுத்தத்தைப் பற்றித்தான் பேசினார். தலைச்சீரா, மார்க்கவசம், கேடகம் என்று வேதத்தில் சொன்ன போர்க்கவசங்களை வாரம் ஒன்றாகப் பிரசங்கத்திலேயே எங்களுக்கு அணிவித்தார். ஸ்கூட்டர் ஹெல்மெட்டின் வாரையே சரியாக மாட்டத் தெரியாத நான், கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பயபக்தியோடு அணிந்துகொண்டேன்.

நாலு புத்தகம் படித்தவன் என்ற முறையில் நான் இந்தத் தடையைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. சில வாரங்களாகவே அவள் துணி வாளியோடு மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்ப்பாள். அந்த மரத்தில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் கிடையாது.

தடைக்குப் பிறகு நாங்கள் கடத்தல்காரர்களைப் போலப் பேச ஆரம்பித்தோம்.

“அது எப்படி இருக்கு?”

“எது?”

“அதான். நேத்து இருந்துச்சே.”

“அது நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. சுகமா இருக்கேன்.”

“நிஜமாவா, இல்ல விசுவாசத்துலயா?”

“ரெண்டும் ஒண்ணுதான். போய்க் குளிங்க.”

என் பயம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒன்று. நான் வாய் தவறிக் கேட்டு, அதனாலேயே ஆகிவிடுமோ என்பது இன்னொன்று. பகலில் முதலாவது பெரிதாகத் தெரியும். அவள் இருமினால் இரண்டாவது முந்திக்கொள்ளும். சாத்தானை நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் வரலாற்றோடு விளக்கம் சொல்லியிருப்பேன். அடுக்களையில் மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன்.

மழை விட்டபின் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவை நோக்கி நடந்தவள், நடைமேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குளிர்காற்றிலும் அவள் முகம் வேர்த்துக் கொட்டியது. இடது தோளை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“சும்மா காத்து வாங்குறேன்” என்றாள்.

ஆட்டோவில் ஏற்றினேன். கொஞ்ச தூரம் போனதும், “வீடு இந்தப் பக்கம் இல்லையே?” என்றாள்.

“டிராஃபிக்.”

“பொய் சொல்றீங்க.”

“ஆமா.”

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம்பெண். தலையில் முக்காடு, கழுத்தில் ஸ்டெத்தாஸ்கோப், அவசரமில்லாத குரல்.

“சொல்லுங்கம்மா, நெஞ்சு வலிக்குதா?”

“இல்லைங்க.”

“படி ஏறினா மூச்சு வாங்குமா?”

“இல்லைங்க டாக்டர். கர்த்தர் சுகம் குடுத்திருக்காரு.”

என் மனைவி பொய் சொல்லுகிறவள் இல்லை. அவள் மனத்தில் இது விசுவாச அறிக்கை. டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? இசிஜியைத் திருப்பிப் பார்த்து, “இதுல பெருசா ஒண்ணும் தெரியல. கேஸாக்கூட இருக்கலாம்” என்று சீட்டை இழுத்தார்.

அந்தப் பேனா மாத்திரையின் பெயரை எழுதத் தொடங்குவதற்குள் நான் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். வாயைத் திறந்தால் மனைவி இத்தனை நாள் காத்த கோட்டைக்கு நானே கதவு திறந்து விட்டவன் ஆவேன். திறக்காவிட்டால் கேஸ் மாத்திரையோடு வீட்டுக்குப் போவோம், அவள் மறுபடி வாளியைத் தூக்குவாள்.

“வலிக்குதுங்க டாக்டர்” என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “அவளுக்கு. ரொம்ப நாளா. பாதிப் படியில நின்னுடறா. இன்னைக்கு பஸ் ஸ்டாண்ட்ல வேர்த்து உட்கார்ந்துட்டா. சொல்ல மாட்டா. சொல்லக் கூடாதுன்னு இருக்கா.”

டாக்டர் பேனாவை மூடினார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ரத்தம் எடுத்தார்கள். இதயத்துக்கு அடி விழுந்திருப்பதாக முடிவு வந்தது. உடனே அட்மிட், காலையில் ஆஞ்சியோ. கட்டிலில் படுத்தவள் சுவர் பக்கம் திரும்பி, “இப்ப சந்தோஷமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.  நான் வாயைத் திறந்ததால்தான் முடிவு அப்படி வந்தது என்று அவள் நினைக்கிறாள் என்பது புரிந்தது. கொஞ்ச நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுபடி பிடித்த மழையில் பாஸ்டர் மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டவர் பதறிப்போனார்.

“டாக்டர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?”

“உபவாச ஜெபத்துல சொன்னீங்க பாஸ்டர். வாயால சொன்னா அவன் கேப்பான்னு.”

“அது… அவநம்பிக்கையாப் பேசக் கூடாதுன்னு சொன்னது சிஸ்டர்.”

“எது அவநம்பிக்கை, எது டாக்டர்கிட்ட சொல்றதுன்னு நீங்க பிரிச்சுச் சொல்லலையே.”

 மழைக்கோட்டிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எங்க வலிக்குதும்மா? சொல்லுங்க.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நெஞ்சுக்கு நடுவே, கல்லை ஏற்றி வைத்த மாதிரி. அங்கிருந்து தாடைக்கு ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கை தட்டும்போது வந்திருக்கிறது. மாவாட்டும்போது வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது அந்தப் பாதிப்படியும் பஸ் ஸ்டாண்டும் மட்டும்தான். நடுவில் டாக்டர் வந்து, குறுக்கிடாமல் கட்டில் ஓரம் நின்று குறித்துக்கொண்டார்.

“ஏம்மா, வீட்ல சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“இவர்கிட்டயா? இவர் பயந்தே செத்துருவாருங்க.”

டாக்டரோடு வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். 

மறுநாள் ஓர் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள் என்று இப்போது நிதானமாக எழுத முடிகிறது. அன்று மாலை அது தெரியாது. பாஸ்டர் எழுந்து நின்று ஜெபிக்கத் தொடங்கினார். “ஆண்டவரே, இவங்களுக்கு நெஞ்சு வலிக்குது” என்றுதான் ஆரம்பித்தார். என் மனைவி கண்களை மூடிக்கொண்டு என் கையைத் தேடிப் பிடித்தாள். கோபம் தீர்ந்ததற்கான அறிகுறி எதுவும் அந்தப் பிடியில் இல்லை. எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். நான் மட்டும் கண்ணை மூடவில்லை. மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்தபடி, எங்கெங்கே சொல்ல வேண்டுமோ அங்கெல்லாம் ஆமென் சொன்னேன்.