அக்காவின் நோயாளிகள்

என் அக்கா பட்டம் வாங்காத டாக்டர். மனநல மருத்துவர் ஒருவரிடம் பதினான்கு வருடமாக டோக்கன் கொடுக்கிறாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பெயர், வயது, கூட வந்திருப்பது யார் என்று அட்டையில் எழுதுவதுதான் வேலை. டாக்டர் அறைக் கதவு திறந்து மூடும்போது காதில் விழுந்ததை வைத்தே முழு மருத்துவமும் படித்துவிட்டாள். தெருவில் அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். அது கிண்டல் என்று அவளுக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

அவளுடைய நோயாளிகள் எல்லாரும் டிவி தொடரில் இருக்கிறார்கள். கிளினிக் முகவரி மாறியபோது வீணாய்ப்போன அட்டைகளை ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தொடரில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டிருக்கிறாள். கதாநாயகன் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்: ஆட்டிசம். அவன் மாமியார் படியேறும்போதெல்லாம் படிகளை எண்ணுவாள்: ஓசிடி. வில்லன் ஒரு வாரம் சிரிக்கிறான், மறுவாரம் அழுகிறான்: பைபோலார்.

"கதை எழுதுற ஆள் மாறிட்டாரு, அவ்வளவுதான்" என்றேன்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்றாள்.

வில்லன் செத்துப்போன அன்று அவன் அட்டையில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதி மூடிவைத்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

இவள் பெற்ற பெண்ணுக்குப் பதினாறு வயது. குளிக்கப் போனவள் துண்டெடுக்க வெளியே வந்து, வந்த இடத்தில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு நிற்பாள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வருடம் மட்டும் மூன்று குடை தொலைத்தாள். கணக்குப் பரீட்சையில் முதல் கேள்விக்கு அழகாக விடை எழுதிவிட்டு, மீதித் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை நாலாகக் கிழித்தாள். அடுத்த பரீட்சையிலும் தேறாவிட்டால் படிப்பை நிறுத்தித் தையல் கடையில் விட்டுவிடுவது என்று முடிவானது.

"ஒரே ஒரு தடவை உங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா" என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

"உனக்கு நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் திமிரு" என்றாள் அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் என்மேல்தான் இருக்கிறது.

போன வாரம் விளம்பர இடைவேளையில் அந்தப் பெண் தன் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, புதுசா ஒரு தொடர் வருது. அதுல ஒரு பொண்ணு. எதையோ எடுக்கப் போவா, எதுக்கு வந்தோம்னே மறந்து நிப்பா. பரீட்சை எழுதும்போது வெளிய ஒரு நாய் குரைச்சா போதும், அப்புறம் கேள்வி எதுவும் மண்டைல ஏறாது. எல்லாரும் சோம்பேறின்னு திட்டுவாங்க. குளியலறைல குழாயத் திறந்து விட்டுட்டு அழுவா, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு."

அக்காவின் கை அதற்குள் புது அட்டையை எடுத்துவிட்டது. "ஏடிஹெச்டி. சந்தேகமே இல்ல. பாவம், எங்க டாக்டர்கிட்ட வந்தா எவ்வளவோ தேறிடும். பெத்தவ என்னதான் பண்றா?"

"திமிருன்னு சொல்லுவா."

"அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அவளெல்லாம் ஒரு அம்மாவா?" அக்கா நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். "பொண்ணு பேரு என்ன?"

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா அட்டைமேல் அப்படியே நின்றது. தொடர் மறுபடி தொடங்கி, மாமியார் படிகளை எண்ண ஆரம்பித்தாள். யாரும் பார்க்கவில்லை.

"அந்த அம்மா தெரியாம பண்ணியிருப்பா" என்றாள் அக்கா, பேனாவை மூடிக்கொண்டே.

"இப்பதான் தெரிஞ்சிடுச்சே" என்றேன்.

மறுநாள் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அக்கா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றாள். அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார்: "கூட வந்திருக்கிறது யாரு?"

"அம்மா" என்றாள் அக்கா. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதற்கு என்ன நோய் என்று நான் அவளைக் கேட்கவில்லை.