ஜிம்மிக்கு ஒரு துணை

இன்று பிற்பகல் மின்சாரம் போனதும் மாடி வீட்டு நாய் அழ ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். நாய்க்குத் துணையாக டி.வி.யை ஓடவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். இதென்ன கூத்து என்று சிரித்திருக்கிறேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, கேளுங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தபோது எங்களிடம் ஜிம்மி இருந்தது. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, சீமை ஜாதி, சடைசடையாய் முடி வளரும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டுப் போனது. முடியும் வளரவில்லை, உடம்பும் வளரவில்லை. பெருச்சாளியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்போம். ஈரச் சாக்கும் நாயும் கலந்த வாசனை கதவுக்குப் பின்னால் காத்திருக்கும். மழைக்காலத்தில் எங்காவது அந்த வாசனை வந்தால் இப்போதும் என் கை சாவியைத் தேடுகிறது.

வீட்டுக்காரர் கன்னியப்பன் நெசவாளி. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய இரண்டு தறிகள். விடிந்தால் ஆரம்பிக்கும் சத்தம் விளக்கு வைக்கும்வரை ஓயாது. குடிவந்த புதிதில் தலையை வலித்தது. பிறகு காதில் விழுவதே நின்றுவிட்டது. அமாவாசையன்று மட்டும் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எங்களுக்கோ அன்றும் வேலைநாள்.

அப்படி ஓர் அமாவாசை மாலை கன்னியப்பன் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சார், அமாவாசையும் அதுவுமா உங்க நாயி காலைலேர்ந்து ஊளையிட்டுக்கினே இருக்குது. மத்த நாள்ல சத்தமே கெடையாது. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குது, எமன் வந்துட்டான்னு நடுங்குது. அடுத்த அமாவாசைக்கும் அழுதுதுன்னா நாயி இங்க இருக்கக் கூடாது சார்."

எங்களுக்குப் பிள்ளையில்லை. ஜிம்மி போய்விட்டால் அந்த வீட்டுக்குள் எங்களை எதிர்பார்க்க ஆளே கிடையாது. மனைவி இரவெல்லாம் யோசித்து, "தனியா கெடந்து கெடந்து ஏங்கிப்போச்சுங்க. பேச்சுத் துணைக்கு ஒண்ணு வேணும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆபீஸ் பியூன் மாணிக்கம் ஏனாத்தூரிலிருந்து ஒரு கறுப்புக் குட்டியைக் கோணிப்பையில் போட்டு சைக்கிளில் கொண்டுவந்தார். கருப்பன் என்று பேர் வைத்தோம். இரண்டும் ஒரே சாக்கில் சுருண்டு படுத்தன. எங்களுக்குத்தான் எத்தனை பெருமை!

அடுத்த அமாவாசை. தெருமுனை திரும்பும்போதே கேட்டுவிட்டது.

"ஒண்ணு அழுதுக்கினு இருந்துது. இப்ப ரெண்டும் சேந்து அழுவுது சார். சுருதி கூடப் பெசகல" என்றார் கன்னியப்பன். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டையும் ஏனாத்தூரில் மாணிக்கத்தின் நிலத்தில் கொண்டுபோய் விட்டோம். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். பம்ப் செட் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். ஜிம்மிக்கு விலா எலும்பு தெரிந்தது.

"கருப்பன் நல்லா இருக்குது சார். இதுதான் பகலெல்லாம் அழுவுது. மோட்டார் ஓடுறப்ப மட்டும் அடங்கிப் படுத்துக்கும். நின்னுச்சுன்னா மறுபடியும் ஆரம்பிச்சிடுது" என்றார் மாணிக்கம்.

மனைவி சட்டென்று என் கையைப் பிடித்தாள். "தறிங்க! அதுக்கு அந்தத் தறிச் சத்தந்தாங்க துணை!"

சுவருக்கு அந்தப் பக்கமே துணை இருந்திருக்கிறது. நாங்கள் கோணிப்பையில் கொண்டுவந்து வைத்தோம். திருப்பி அழைத்துப் போகலாம் என்றால், அதற்குள் கன்னியப்பனின் அம்மா தவறிவிட்டார். பழியைத் தெருவே ஜிம்மி மேல் போட்டிருந்தது. எந்த முகத்தோடு கேட்பது? ஏனாத்தூரில் தறி கிடையாது. ஜிம்மிக்கு அங்கே தினமும் அமாவாசை. தை பிறக்கும்வரைகூட அது தாங்கவில்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். என் மனைவி போயும் வருஷங்களாகிவிட்டன. இப்போதுதான் மின்சாரம் வந்தது, மாடியில் நாய் அடங்கிவிட்டது. என் அறையிலும் டி.வி. மறுபடி சத்தம் போடுகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அணைப்பதில்லை.