ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பன்னிரண்டு ஈஸ்ட்டுகள்

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அதன்பிறகு அந்த ஆய்வகத்தில் என்னை யாரும் நல்ல காரியம் செய்ய விட்டதில்லை.

கோயமுத்தூரில் எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பே ஈஸ்ட்தான். மாவைப் பொங்க வைப்பதும் பன்னை உப்ப வைப்பதும் அதுவே. அதில் எத்தனையோ இனங்கள் உண்டு என்று புத்தகம் சொல்கிறது. மைக்ரோஸ்கோப்பில் எனக்கு எல்லாம் ஊறவைத்த ஜவ்வரிசியாகத்தான் தெரிந்தன.

எனக்கு மூத்த மாணவி ஒரு அக்கா, சத்தியமங்கலத்துக்காரர். ஐந்து வருடம் அலைந்து சேர்த்த பன்னிரண்டு ஈஸ்ட்டுகளை, விரல் நீளக் குழாய்களில் அடைத்து உறைபெட்டியில் வைத்திருந்தார். ஒன்று அவர் ஊர் மல்லிகைப் பூவில் எடுத்தது. ஒன்று சிங்காநல்லூர் மாவுக்கடையின் இட்லி மாவில் கிடைத்தது. இன்னொன்று சூலூர் சைசிங் மில்லில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் தொட்டியின் ஓரத்தில் சுரண்டியது. இப்படியே மற்றவையும். மாற்றாக வைத்திருந்த குழாய்கள் முந்தின வருடம் இன்னொரு உறைபெட்டி கெட்டுப்போனதில் செத்துவிட்டன. இருந்தது இந்தப் பன்னிரண்டுதான். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அக்காவுக்குக் கிடைத்திருந்த வேலையில் சேர முடியும்.

அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அக்கா வருவதற்குள் உறைபெட்டியைச் சுத்தம் செய்து நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். குழாய்களின் மேல் பனியும் அழுக்கும் அப்பியிருந்தன. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தேன். அழியாத மார்க்கர் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பியவன் நான்.

அக்கா வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுல எழுதியிருந்ததெல்லாம் எங்கீங்க?"

நான் பஞ்சைக் காட்டினேன். அது முழுக்க நீலமாக இருந்தது.

"இதுல இருக்குதுங்க அக்கா."

அதுவரை என்னைக் கண்ணு, வா, போ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வாங்க போங்க ஆகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"சாப்ட்டீங்களா தம்பி? போய்ச் சாப்ட்டுப்போட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாங்க."

நான் சாப்பிடவில்லை. கேன்டீனில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா ஒரு பழைய புகைப்படத்தை மேசைமேல் வைத்திருந்தார். ஈஸ்ட்டின் டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பிசிஆர் இயந்திரத்தில் பெருக்கி, நொதிகளால் வெட்டி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் கோடுகள் விழும். இனத்துக்கு இனம் கோடுகளின் இடம் மாறும். பன்னிரண்டையும் அவர் முன்பே அப்படி ஓட்டி, ஒவ்வொரு வரிசைக்கு மேலும் எந்த ஊர், எந்தப் பொருள் என்று எழுதி வைத்திருந்தார். இப்போது பெயரில்லாத குழாய்களை மறுபடி ஓட்டி, அந்தப் படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் அவருக்கு எடுபிடியாக இருந்தேன். ஜெல்லின் குழிகளில் மாதிரியை விடச் சொன்னால், முதல் தடவை நான் குழிக்கு அடியிலேயே ஓட்டை போட்டேன். இரண்டாவது தடவை அக்கா என் கையிலிருந்து பிப்பெட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க லைட்டை மட்டும் போடுங்க தம்பி, போதும்" என்றார்.

பத்துக் குழாய்களுக்கு வீடு கிடைத்தது. மல்லிகை ஈஸ்ட்டின் கோடுகள் தெரிந்தபோது நான் கை தட்டினேன். அக்கா தட்டவில்லை. மிச்சம் இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கோடுகள். பழைய படத்திலும் அப்படித்தான். மாவுக்கடையில் எடுத்ததும் கஞ்சித் தொட்டியில் எடுத்ததும் ஒரே இனம். இன்ன இனம் என்று சொல்லத் தெரிந்த ஜெல்லுக்கு எந்த ஊர்க்காரன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அக்காவின் கடைசி அத்தியாயமே இந்த இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் பற்றியது. அதில் அவர் அதுவரை கண்டிருந்த வேறுபாடுகள் சின்னவை, எது எதென்று அடித்துச் சொல்லப் போதாதவை.

"ஒன்னுல மாவுன்னும் ஒன்னுல கஞ்சின்னும் எழுதிப்போடலாங்க அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்லீங்க."

புதிதாக எடுத்து ஒப்பிடலாம் என்று இரண்டு இடத்துக்கும் கிளம்பினோம். மாவுக்கடையில் அரைத்து வைத்திருந்ததில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, சிங்காநல்லூரில் பஸ் ஏறிச் சூலூர் போனோம். சைசிங் மில்லின் மேஸ்திரிக்கு அக்காவை ஞாபகம் இருந்தது.

"வாங்க அம்மணி. போன தடவ சொரண்டிட்டுப் போனீங்களே, அத என்ன பண்ணுனீங்க?"

"தொலைச்சுப்போட்டோமுங்ணா." தொலைச்சுப்போட்டோம் என்று என்னையும் சேர்த்துக் காப்பாற்றினார். ஆனால் பார்வை என்மேல்தான் இருந்தது. மேஸ்திரியும் என்னைப் பார்த்தார்.

"புளிச்ச கஞ்சியத் தொலைக்கறதுக்கா இத்தன படிப்பு படிக்கறீங்க தம்பி?"

நான் தொட்டியை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவர் தன் குறையைத் தொடர்ந்தார்.

"எடுத்துட்டுப் போங்க, எங்களுக்குத் தொல்லை விட்டுது. கஞ்சி கெடாம இருக்க மயில்துத்தம் கலந்தும் இந்தச் சனியன் பிடிச்சு ஓரமெல்லாம் புளிச்சுப் போகுதுங்க."

அக்கா சுரண்டுவதை நிறுத்தினார். "மயில்துத்தம் எப்பவுமே போடுவீங்களா?"

"நான் வேலைக்கு வந்த நாள்லருந்து போடறமுங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாப்பம்பட்டிப் பிரிவு தாண்டியதும் திடீரென்று, "கண்ணு, மயில்துத்தம் செம்பு. அந்தத் தொட்டியில பொழைக்கறது செம்பைத் தாங்கப் பழகியிருக்கோணும். மாவுல இருக்கறது அரிசியும் உளுந்தும் தவிர என்னத்தக் கண்டுது?" என்றார். எனக்குக் கண்ணு என்று கேட்டதே போதுமாக இருந்தது. செம்பைப் பற்றி மறுநாள்தான் யோசித்தேன்.

செம்பு கலந்த வளர்ப்புத் தட்டுகளில் இரண்டு குழாயையும் தடவினோம். புதிதாகப் பிரித்தெடுத்தவற்றையும் பக்கத்திலேயே தடவினோம். மூன்றாம் நாள் பார்த்தபோது ஒரு குழாயின் ஈஸ்ட் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. மற்றதன் தட்டு மொட்டையாகக் கிடந்தது. சூலூரிலிருந்து புதிதாக வந்தது வளர்ந்திருந்தது. சிங்காநல்லூரிலிருந்து வந்தது வளரவில்லை. நான் அப்போதே பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன். அக்கா அதைப் பிடுங்கி மூடினார். இன்னும் இரண்டு முறை செய்து, மூன்றும் ஒன்றாக வந்தபிறகு, தானே பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டினார்.

கடைசி அத்தியாயத்தில் செம்பைப் பற்றி ஒரு பகுதி புதிதாகச் சேர்ந்தது. ஆய்வேட்டிலேயே உருப்படியான பகுதி அதுதான் என்றார் கைடு. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அக்கா கொடுத்துவிட்டார், வேலையிலும் சேர்ந்துவிட்டார்.

நன்றி சொல்லும் பக்கத்தில் மேஸ்திரியும் மாவுக்கடைக்கார அம்மாவும் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே என் பெயர்: "இவர் இல்லாவிட்டால் இந்தக் கடைசிப் பகுதியை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது." அதை என் அம்மா போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டு, பையன் பேர் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று எழுதினார். நாற்பது பேர் வாழ்த்தினார்கள். நான் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன்.