சித்தி தண்ணீர் அடித்த முறை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மறதியும் உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு. காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ஒரே ஆள் அடித்து, வீட்டுக்கும் தூக்கிப் போனால் நாலு குடம்கூடத் தேறாது. அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தி அடிப்பாள், மற்றவள் தன் வீட்டுக்குத் தூக்குவாள். பத்துக் குடம் ஆனதும் மாற்றிக்கொள்வார்கள்.

எனக்குத் தம்பி பிறந்த நேரம். அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்த சித்தி, பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்திருந்தாள். ஒருநாள் அந்த அக்கா தன் பத்துக் குடத்தை நிரப்பிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். குழந்தைத் துணி அலசக்கூட எங்களுக்குத் தண்ணீர் இல்லை.

மறுநாள் முதலில் தூக்கும் முறை சித்தியுடையது. பத்துக் குடம் ஆனதும் கிளம்பிவிட்டாள்.

"இன்னாமே, அம்போனு வுட்டுட்டுப் போற?"

"நேத்து நீ போன வழிதான்க்கா. நல்லா கீதுனு நானும் போறேன்."

தெருவே சிரித்தது. எனக்குக் கொண்டாட்டம். ஆனால் மூன்றாம் நாள் சித்தி ஒன்றும் நடக்காதது போல அந்த அக்காவுக்கே முதலில் அடித்துக் கொடுத்தாள். அவளும் பதிலுக்கு அடித்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. யாரும் பார்க்காதபோது அவள் வாசலில் நிரம்பியிருந்த இரண்டு குடத்தை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்தேன். நனைந்த பாவாடையைச் சித்தி பார்த்தாள். தன் வாசலுக்கு வந்து நின்ற அந்த அக்காவும் பார்த்தாள்.

அடுத்த நாள் அந்த அக்கா தன் பத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சித்தி தனியாக அடித்து மூன்று குடம் கொண்டுவந்தாள். தம்பியைக் குளிப்பாட்டினாள். தான் குளிக்கவில்லை.

"நாளிக்கு நீயும் வுட்டுட்டு வா சித்தி," என்றேன்.

"போடி. மொதல்ல அவ தப்பு, குடுத்தேன். இது நம்ம தப்பு, வாங்கிக்கினேன். அத்தோட போச்சு."

மறுநாள் சித்தியே அந்த அக்காவின் குடத்தைக் குழாயடியில் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். அவள் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உங்க வூட்டுக் குட்டி எங்கடி? காலக் கட்டிப் போட்டுட்டியா?" என்றாள். சித்தி சிரித்துவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சித்தி ஊருக்குப் போகும்வரை ஒருநாளும் முறை தவறவில்லை.

சித்தி பயந்தாங்கொள்ளி என்றுதான் அப்போது நினைத்தேன். கல்யாணமான பிறகு நானும் என் ஓரகத்தியும் ஒரு அம்மிக்கல்லுக்காக முறைத்துக்கொண்டோம். அவள் ஒன்று செய்ய நான் ஒன்று செய்ய, பதினோரு வருஷம் பேச்சே இல்லை. எங்கே நிறுத்துவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சித்திக்கு அது ஒரே காலையில் தெரிந்திருந்தது.

பத்துக் குடமா, எட்டா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தத் தெருவில் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சரிபாருங்கள். உதைத்தது இரண்டு குடம்தான். அது நன்றாக நினைவிருக்கிறது.